மாத்திரையும் தண்ணீரும்

மத்தியான வெயில் கட்டிலில் சாய்ந்திருக்கும் அப்பாவின் முழங்கால் வரை ஏறியிருக்கிறது. காலையிலிருந்தே அவருக்கு ஒரே சோர்வு. மகளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமையலறைக்கும் கட்டிலுக்குமாக நடக்கிறாள். ஒரு கையில் போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாட்டிக் மாத்திரை அட்டை, இன்னொரு கையில் போன். "யூரின்ல கிருமின்னு ரிப்போர்ட்லயே இருக்கு, கொடுத்துத் தொலையேன்டி," என்கிறாள் போனில் அக்கா. "காய்ச்சல் இல்ல, எரிச்சல் இல்ல. இந்த வயசுல கிருமி சும்மாவே இருக்குமாம். மருந்து வேண்டாம், தண்ணி நிறையக் கொடுங்க, சாயங்காலம் வந்து காட்டுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாங்கக்கா." "அவங்களுக்கென்ன, அவங்க அப்பாவா?" சுருக்கென்று தைக்கிறது. கட்டைவிரல் தானாக அழுத்த, தகடு கிழிந்து மாத்திரை உள்ளங்கையில் விழுகிறது. இதே மாத்திரைதான் அப்போது வயிற்றைப் புரட்டிப் போட்டு, அவரைக் குளியலறைத் தரையில் சரித்தது. தூக்கிய கனம் இன்னும் அவள் தோளில் இருக்கிறது. அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள், சூடு இல்லை. மாத்திரையைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு தண்ணீர் டம்ளரை அவர் உதட்டில் வைக்கிறாள். தொண்டை மெல்ல ஏறி இறங்குகிறது. பாதி டம்ளர் போனதும் அவர் கண்ணைத் திறக்கிறார். "நீ முதல்ல உக்காரும்மா. நீ நடக்கிறதைப் பாத்தே எனக்குத் தலை சுத்துது." அவள் கட்டில் ஓரத்தில் உட்காருகிறாள். போனில் அக்கா இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறாள்.