டாக்டர் ஓட்டுன வண்டி

இப்போதெல்லாம் பழைய கார் வாங்க வருகிறவரைக் கார்தான் சோதிக்கும். பிடித்திருந்தால் மட்டுமே கதவைத் திறக்கும்.

புஷ்கலா விற்பனை விளம்பரம் கொடுத்ததே புரோக்கர் ஜெயசீலனை வரவழைக்கத்தான். "டாக்டர் ஓட்டுன வண்டிக்கா, கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்று பிரேக் போன காரை அவள் தலையில் கட்டியவன் அவன். அதில்தான் அவள் கணவருக்கு ஒரு கால் போனது.

வாடகைக் காரில் வந்திறங்கிய ஜெயசீலனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"கொஞ்சம் நடந்து காட்டுங்க சார்," என்றது கார். நடந்தான்.

"ஒருவாட்டி இருமுங்க." இருமினான்.

"ஓகே. ஓனரம்மா, ஆள் எப்படி?"

"நல்லபடியா சொல்லுங்கக்கா," என்று குழைந்தான் ஜெயசீலன்.

புஷ்கலா கணவரைக் கூப்பிட்டாள். அவர் ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்தார்.

"இவரு காலைப் பாரு," என்றாள் காரிடம். "அந்த டாக்டர் வண்டிய எங்களுக்கு வித்தது இந்த ஆளுதான்."

கதவு டக்கென்று பூட்டிக்கொண்டது. அடுத்த வீட்டுக் காரும் பூட்டிக்கொண்டது. டக், டக்கென்று அந்தச் சத்தம் தெருமுனை வரை போயிற்று. கடைசியாக, அவனை ஏற்றி வந்த வாடகைக் காரும்.

"நடந்தே போங்க தம்பி," என்றாள் புஷ்கலா. "உங்களுக்குத்தான் ரெண்டு காலும் இருக்கே."