முக்கால் வயது

பாகீரதியும் கணவன் சேஷாத்ரியும் ஒரே கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தார்கள். அவர்கள் குடியிருந்த பெங்காலிப் பேட்டையான டாக்குரியாவின் குடும்பக் கணக்கெடுப்புக்கு அவள்தான் ஃபோர்ட்ரானில் புரோகிராம் எழுதினாள். வயதைத் தசம எண்ணாகவே வைத்திருந்தாள். முழு எண்ணாக்கினால் புள்ளிக்குப் பின்னால் இருப்பது உதிர்ந்துவிடும். ஆளுக்கு ஒரு துளையிட்ட அட்டை; வயது பூஜ்யமென்றால் அதை வெற்று அட்டை என்று இயந்திரம் தள்ளிவிடும். அவர்கள் குழந்தை அபர்ணாவுக்கு ஒன்பது மாதம். 0.75.

மத்தியானம் வந்த அச்சுத்தாளில் அவர்கள் வீட்டில் இரண்டே பேர். பாகீரதி, வரிக்கு ஓர் அட்டையாகத் துளையிட்டிருந்த தன் புரோகிராம் கட்டைப் பிரித்தாள். ஓர் அட்டை புதிது; வயதை முழு எண்ணாக்கியிருந்தது. மேலே சேஷாத்ரியின் கையெழுத்து. அவளைக் கேட்காமல் ரசத்தில் உப்புக்கூடப் போட்டுக்கொள்ளாதவன்.

"ஏன்னா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"தசமத்துல ஓட்டினா நாழியாறது, மாத்தினேன். பின்னமெல்லாம் யாருக்கு வேணும்?"

சாயங்காலம், பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு பௌதியின், அந்த பெங்காலி மன்னியின், கதவைத் தட்டினாள்.

"எந்தக் குழந்தை?" என்று பௌதி பெங்காலியில் கேட்டாள்.

பாகீரதி வீட்டுக்கு ஓடினாள். தூளி தொங்கிய கொக்கியில் சேஷாத்ரி குடையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"அபர்ணா எங்கே?"

"யாரு?" என்றான், திரும்பாமலே.

அவள் ரவிக்கை பாலில் நனைந்துகொண்டிருந்தது.