கையளவு உப்பு

முதல் கவளத்திலேயே குப்புராஜுக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கும் சாம்பாரில் உப்பு தூக்கல்தான்.

“வேதா, டாக்டரம்மா உப்பைப் பாதியாக் கொறைக்கச் சொன்னாங்களா இல்லியா?”

“கொறைச்சுத்தாங்க போட்டேன். எனக்கு உப்பே பத்தல.” சொல்லிவிட்டு அதே சாம்பாரை ஊற்றிப் பிசைந்து, ஊறுகாயையும் தொட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டாள் மனைவி.

ரத்தக் கொதிப்பு ஏறி, சேலையூரில் தன் ஹார்டுவேர் கடையிலேயே மயங்கி விழுந்தவர் குப்புராஜ். “இன்னொரு தடவை ஏறுனா உயிருக்கே ஆபத்து” என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்று தலையாட்டியவள் வேதாதான். அது எப்படி மறந்துபோகும்?

பீர்க்கன்கரணை ஏரியோர மனையைத் தன் தங்கை பேருக்கு எழுதப்போவதாக அவர் வாயை விட்டது போன மாதம். வேதா கத்தவில்லை, அழவில்லை. “உங்க இஷ்டம். உங்களுக்கப்புறம் என்னை நான்தான பாத்துக்கணும்” என்று மட்டும் சொன்னவள், மடித்துக்கொண்டிருந்த துணிகளைப் பாதியில் போட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

உப்பு ஏறியது அதற்கப்புறம்தான். விஷம் வைத்தால் போலீஸ் வரும். உப்புக்கு யார் வரப்போகிறார்கள்?

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் கடையிலிருந்து கிளம்பி வந்து, சொந்த வீட்டு ஜன்னலோரம் திருடன் மாதிரி ஒளிந்து நின்றார். உள்ளே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மொட்டை மாடியில் வடாம் போட்டுப் போட்டுக் கறுத்துப்போன அந்தக் கை, உப்பு ஜாடிக்குள் போனது. கொஞ்சம் போட்டாள், ருசி பார்த்தாள், முகம் சுளித்தாள். மறுபடியும் அள்ளிப் போட்டாள்.

குப்புராஜ் சத்தமில்லாமல் பின்வாங்கித் தெருவுக்கு வந்தார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள். நேராகக் கேட்டுவிடலாம்தான். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

சாயங்காலம் அவளையும் கூட்டிக்கொண்டு சிட்லபாக்கம் கிளினிக்குக்குப் போனார். டாக்டர் முன்னால் போட்டு உடைத்துவிட்டால் அதற்கப்புறமாவது அடங்குவாள் என்று கணக்கு. மாடிப்படியில் வேதா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினாள். குற்றமுள்ள நெஞ்சு, வரத் தயங்குகிறது என்று நினைத்துக்கொண்டார்.

டாக்டர் ரேஷ்மா அவருக்கு பிரஷர் பார்த்தார். எகிறியிருந்தது.

“எல்லாம் உப்பு டாக்டர். நாளுக்கு நாள் ஏத்திகினே போறா. கேட்டா பத்தலன்றா.” வேதாவைப் பார்க்காமலே சொன்னார். “வேணும்னே செய்றாளோன்னு பயமா இருக்கு.”

வேதா அவரைத் திரும்பிப் பார்த்தாள். “நான் போய் உங்கள...” கண் நிறைந்துவிட்டது.

டாக்டர் வேதாவின் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வெயில் படாத உள்ளங்கை ரேகைகள்கூடக் கறுத்திருந்தன. வாயைத் திறக்கச் சொல்லி ஈறுகளைப் பார்த்தார். பிரஷர் பட்டையை அவள் கையில் சுற்றிப் பார்த்தார், நம்பாமல் இன்னொரு முறையும் பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டார்.

“சிஸ்டர், ஒடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க.”

குப்புராஜ் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “அவ்ளோ மோசமா டாக்டர் எனக்கு?”

“உங்களுக்கு மாத்திரை மாத்தித் தர்றேன். ஆம்புலன்ஸ் இவங்களுக்கு.” டாக்டர் வேதாவைக் கட்டிலில் படுக்கவைத்து, ஊசி குத்த நரம்பு தேடினார். “பிரஷர் அடியோட எறங்கிக் கெடக்கு, கையெல்லாம் கறுத்திருக்கு. கிட்னிக்கு மேல இருக்கற சுரப்பி நின்னு போச்சுன்னு நெனைக்கிறேன். உடம்புல உப்பு தங்கவே இல்ல. உடம்பு கேக்குது, கை தானா அள்ளிப் போடுது. அது இவங்களுக்கே தெரியாது.”

குப்புராஜ் எழுந்து கட்டிலருகே வந்தார். டாக்டர் நிமிராமலே சொன்னார்.

“அந்த உப்புதான் சார் இவங்கள இவ்ளோ நாள் உயிரோட வெச்சிருக்கு.”