வாளி வண்டி

விஞ்ஞானி கூப்பிடுகிறார் என்றதும் ஆய்வுக்கூடத்தைத் துடைப்பவள் வாளி வண்டியோடு பயந்துகொண்டே போய் நின்றாள்.

“நேத்து இந்த வழியா வாளி வண்டியத் தள்ளிட்டு வந்தது நீங்கதானேம்மா?”

“ஆமாங்க சார். சக்கரம் கீச்சுகீச்சுனு கத்துது. இப்பவே எண்ணெய் விட்டுடறேன்.”

“ஐயையோ, விட்டுடாதீங்க” என்று கைகூப்பினார். “இந்தத் தவளை இனத்துல மிஞ்சினது ஒரே ஜோடி. தவளைச் சத்தமா எத்தனையோ பதிவு பண்ணிப் போட்டேன், ஆண் தவளை வாயே திறக்கல. உங்க சக்கரச் சத்தத்தைக் கேட்டதும், போட்டிக்கு ஒருத்தன் வந்துட்டான்னு பதிலுக்குக் கத்தினான். அந்தக் குரலுக்குத்தான் பெண் தவளை பக்கத்துல போச்சு. அங்க பாருங்க.”

கண்ணாடித் தொட்டியில் முட்டைகள் மிதந்தன.

“எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலம்மா.”

அவள் கூச்சத்தோடு வண்டியை நகர்த்தினாள். சக்கரம் கீச்சிட்டது. தொட்டிக்குள்ளிருந்து சட்டென்று பதில் வந்தது.

“அடங்குடா” என்றாள். “உன் பொண்டாட்டிய நான் ஒண்ணும் தூக்கிட்டுப் போயிட மாட்டேன்.”