மூன்று தாள்கள்

மார்ச் 3, செவ்வாய் காலை பத்து மணிக்கு, அச்சகத்தின் வாசலில் நாலாயிரம் மருந்துப் பெட்டிகள் திரும்பி வந்து இறங்கின. தொட்டால் மை விரலில் ஒட்டியது. இன்னொரு முறை இப்படி ஆனால் ஆர்டர் கிடையாது என்று மருந்து கம்பெனி சொல்லிவிட்டது.

"வேற இடத்துல மை வாங்கப்போறேன்" என்றார் முதலாளி.

"மை சப்ளை பண்றது என் தம்பி. அவனைக் கேக்காம மாத்தாதீங்க" என்றாள் மனைவி.

தம்பி வந்தான். மூன்று கம்பெனிகளின் மையில் அச்சடித்த தாள்களை முதலாளி வரிசையாகப் பரப்பினார். எது யாருடையது என்று சொல்லவில்லை.

"நீயே பாத்துச் சொல்லு, மச்சான்."

அவன் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான்.

"ரெண்டாவதுதான் மை, அத்தான்! கண்ண மூடிட்டு வாங்குங்க. முதல் தாளைப் பாருங்க, விரல் பூரா கறுப்பு. இதை விக்கிறவனுக்கு மனசாட்சியே இல்லையா? யாரு அந்தப் புண்ணியவான்?"

"நீதான். போன மாசம் நீ கொண்டுவந்து இறக்கின டின்."

தம்பி விரலைத் துடைத்துக்கொண்டான்.

"ரெண்டாவது என்னோடதுன்னு நெனச்சேன்" என்றான்.

அடுத்த திங்கட்கிழமை இரண்டாவது கம்பெனியின் மை வந்தது. டெலிவரி சீட்டில், ஏஜென்ட் என்ற இடத்தில், தம்பியின் கையெழுத்து இருந்தது.