மைல் ஓட்டத்தில் எல்மர்

கோடைக்கால வியாழன்தோறும் சாயங்காலம் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் ஐந்து வயதிலிருந்து எண்பது வரை யாரும் ஓடலாம். மைல் ஓட்டத்தில் கடைசியாக வருகிறவர் மட்டும், தடை தாண்டும் கட்டைகளை எல்லாம் அடுக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

“எல்மர் பெருசைப் பார்டா வெய்ன்! ஓடுதா, ஊருதா?” என்றான் கர்ட்டிஸ்.

“முழங்கால்ல கட்டு வேற! போஸ்ட்மேனா இருந்தப்பவே கிறிஸ்துமஸ் கார்டை ஈஸ்டருக்குத்தானே கொண்டாந்துச்சு!”

“இன்னிக்குக் கட்டை அடுக்கப்போறது அதுதான்!”

“மெதுவாப் பேசுடா, காதுல விழுந்துடப் போவுது.”

கர்ட்டிஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, அடுத்த வளைவில் திரும்பினான்.

“எப்படிடா விழும்? கிழம் நம்மளவிட அரைச் சுத்து முன்னாடியில்ல ஓடுது! நமக்குப் பின்னாடி யாராச்சும் வர்றாங்களான்னு பாரு!”