குட்டி சாப்பிட்டுதா?

மிஷின் பெல்ட் அறுந்ததில் முனிராஜுக்கு அன்று யோகம். சனிக்கிழமை சாயங்காலம் பிடிக்கிற பஸ்ஸை மத்தியானமே பிடித்துவிட்டான்.

மூக்கண்டப்பள்ளியில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. கூட இறங்கியவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி தலையைச் சீவிக்கொண்டு நடந்தான்.

புது மாப்பிள்ளைதானே? கல்யாணமாகி ஐந்து மாசம்தான் ஆகிறது.

ஐந்து மாசம் என்று பேர். வெங்கடம்மாளோடு அவன் இருந்ததெல்லாம் இருபது ஞாயிற்றுக்கிழமை. பெங்களூர் ஃபாக்டரியில் வேலை. குவார்ட்டர்ஸ் எப்போது கொடுப்பார்களோ, அது ஆண்டவனுக்கே வெளிச்சம். திங்கள்கிழமை விடியுமுன் பஸ் ஏறினால், சனிக்கிழமை இருட்டிய பிறகுதான் வீடு.

அந்த இருபது ஞாயிறுகளில் அவள் பேசியதை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். "ம்." "இல்ல." "ஆச்சு." அவ்வளவுதான். முகத்தை நிமிர்ந்து பார்த்ததுகூட இல்லை.

பிடித்துத்தான் கட்டிக்கொண்டாளா? இல்லை, பிறந்த ஊர் கல்லாவியில் அப்பன் கை காட்டிய பக்கம் கழுத்தை நீட்டிவிட்டாளா? அதுதான் அவனைப் போட்டு அரித்தது.

பாவம், ஆறு நாளும் ஒற்றையாய்க் கிடக்கிறாளே என்றுதான் ஒரு மாசத்துக்கு முன் அந்த நாய்க்குட்டியைக் கொண்டுவந்தான். ஃபாக்டரி கேட்டுக்குப் பக்கத்தில் சாக்கடையோரம் கிடந்தது. துணிப்பைக்குள் ஒளித்து பஸ் ஏறினான். அது முனகும்போதெல்லாம் இவன் இருமினான். அத்திப்பள்ளி வருவதற்குள், உனக்கு என்ன காசநோயா என்று கண்டக்டர் கேட்டுவிட்டார்.

பாலை ஆற வைத்து ஊத்து, வெயிலில் கட்டாதே, பஸ் ரோட்டுப் பக்கம் விடாதே என்று ஆயிரம் சொன்னான். எல்லாவற்றுக்கும் அவள் ஒரே "ம்".

ஆனால் குட்டி வந்த பிறகு பேச்சுக்கு ஒரு வழி பிறந்தது. நீ சாப்பிட்டாயா என்று கேட்க அவனுக்கு நாக்கு எழும்பாது. "குட்டி சாப்பிட்டுதா?" என்பான். தனியாகப் படுக்க உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்க நினைப்பான். ராத்திரியில் குட்டி பயப்படுகிறதா என்று கேட்டு வைப்பான்.

"ம்" என்பாள்.

அந்த "ம்" குட்டிக்கா, தனக்கா? அதை யாரிடம் போய்க் கேட்பது!

ஃபாக்டரியில் மிஷின் முன்னால் நிற்கும்போதெல்லாம் குட்டி நினைப்புத்தான். இந்நேரம் எழுந்திருக்கும். இந்நேரம் அவள் முந்தானையைக் கடித்து இழுக்கும். இந்நேரம் அவள் மடியில் சுருண்டிருக்கும். சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு நாய்க்குட்டியின் மேல் பொறாமைப்பட்டான் அந்த மனுஷன்.

வீட்டு வாசலில் யாரும் இல்லை. கதவு ஒருக்களித்திருந்தது. வந்துவிட்டேன் என்று குரல் கொடுக்கவும் கூச்சமாக இருந்தது அவனுக்கு. படியில் உட்கார்ந்து, ஃபாக்டரியில் கொடுத்த பூட்ஸில் ஒன்றைக் கழற்றினான்.

சந்து வழியாகக் குட்டி ஓடிவந்தது. நாலு ஞாயிறு பார்த்த ஆளை மறக்கவில்லை. காலைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, கழற்றிய பூட்ஸின் கயிற்றைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்தது.

அப்போதுதான் கொல்லையிலிருந்து சத்தம் வந்தது.

"டேய் முனிராஜு! எங்கடா போய்த் தொலைஞ்சே? களி ஆறுது, வாடா!"

அடுத்த பூட்ஸுக்குப் போன கை அப்படியே நின்றது.

வெங்கடம்மாள் குரல்தான். இவ்வளவு சத்தம் அவளிடம் இருக்கிறதா? அதுவும் அந்தப் பேரை! ஓட்டர் லிஸ்ட் எழுத வந்தவர் புருஷன் பேரைக் கேட்டபோது நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடியவள். பக்கத்து வீட்டு சாந்தம்மாதான் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

நான் வந்ததைப் பார்த்துவிட்டாளோ? பார்த்திருந்தால் "டேய்" என்பாளா? அப்படியென்றால் அங்கே வேறு யார்?

குட்டி காதை நிமிர்த்தியது. கொல்லைப் பக்கம் திரும்பி வாலை ஒரு ஆட்டு ஆட்டியது. பிறகு மறுபடியும் கயிற்றைக் கடிக்கத் தொடங்கியது.

அடிப்பாவி! நாய்க்கா என் பேர்?

கோபம் வந்திருக்க வேண்டும். ஊரில் நாலு பேர் கேட்டால் மானம் கப்பலேறிவிடும். ஆனால் வரவில்லை. ஆறு நாளும், விடிந்தால் எழுந்தால், இந்த வீட்டில் அவன் பேர்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. திட்டியும் கொஞ்சியும் வாய் நிறையக் கூப்பிட்டிருக்கிறாள். அதையெல்லாம் கேட்காமல் அவன் பெங்களூரில் இரும்பைக் கடைந்துகொண்டிருந்திருக்கிறான்.

மறுபடியும் குரல் வந்தது. இந்தத் தடவை அதட்டல் இல்லை.

"வாடா முனிராஜு. ஒத்தையிலே எனக்குத் தொண்டையிலே எறங்கமாட்டேங்குதுடா."

குட்டி அசையவில்லை.

முனிராஜ் ஒற்றைக் கால் பூட்ஸோடு எழுந்து கொல்லைப் பக்கம் போனான்.